மூன்றாவது படி

கூடத்தில் கிடத்தியிருந்த துணிக்கடைக்காரரின் இடது காதோரத் தழும்பு தெரியாதபடி மைத்துனி தலையணையைத் திருப்பி வைத்தாள். அவர் மனைவி எழுந்து வந்து அதைப் பழையபடி நேராக்கினாள். காலையிலிருந்து ஒரு இடத்தில் உட்காரவில்லை. மின்விசிறியை ஓடவிட்டாள், நிறுத்தினாள். வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்தாள்.

"உக்காருக்கா. எல்லாரும் உன்னையே பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"அண்ணன் மேல போயும் வாசல்லயே நின்னு பேரம் பேசிக்கிட்டிருப்பாரு," என்றான் கொழுந்தன். இரண்டு பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னும் பேரம்தான். உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்த புற்றுக்கட்டியை அறுத்தெடுத்தாயிற்று. ஓரத்தில் மிச்சம் ஒட்டியிருக்கலாம், முப்பது நாள் கதிர்வீச்சு கொடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

"பதினஞ்சுல முடிங்களேன்."

"இதுல கொறைக்கிறதுக்கு இல்லைங்க."

"வாய் காஞ்சு போகும்னு நீங்களே சொல்றீங்க. வாய வச்சுத்தான் நான் பொழைக்கிறேன். சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். இருபது."

"யோசிச்சு சொல்லுங்க. ரொம்ப நாள் தள்ளிப்போடாதீங்க."

இவர் விறுக்கென்று எழுந்துவிட்டார். அந்த எழுந்திருத்தல் கூடப் போயிருந்த மனைவிக்கு அத்துப்படி. எந்தக் கடையிலும் விலை படியாவிட்டால் இறங்கிவிடுவார். மூன்றாவது படியில் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிவார். "சரி, வாங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். வராமல் இருந்ததில்லை.

ஆஸ்பத்திரி வாசலிலும் மூன்றாவது படியில் குனிந்தார். டாக்டர் மாசச் சம்பளக்காரர். பேரத்தின் மரியாதை அவருக்கு எங்கே தெரியும்? அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டுவிட்டார். இவர் வாரோடு வெகுநேரம் மல்லாடினார். பிறகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

வேணும்னு மூஞ்சில காட்டிடாதே, காரியம் கெட்டுடும் என்று முப்பது வருஷமாகச் சொல்லி வைத்திருந்தார். அவள் காட்டவில்லை.

"உனக்கும் வேணாம்னுதான் தோணுதா? அப்ப வா," என்று நடந்தார். அப்புறம் இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கட்டிதான் திரும்பி வந்தது.

"தூக்கலாமா அண்ணி?"

தலையசைத்தாள். நான்கு பேர் தூக்கினார்கள். அவர்களுக்கு முன்னால் வாசலுக்கு வந்து, கதவை ஒட்டி நின்றாள். மூன்றாவது படியில் தோள் மாற்றுவதற்காகக் கொஞ்சம் நின்றார்கள்.

"சரி, வாங்க."

முன்னால் தூக்கிக்கொண்டிருந்த கொழுந்தன் திரும்பினான். "கூப்பிட்டீங்களா அண்ணி?"

"இல்ல. பாத்து எறங்குங்க."

இறங்கினார்கள். பின்னாலேயே வந்தவர்கள் அவரவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். ஒரு ஜோடி மட்டும் சேர்த்து வைத்தபடியே இருந்தது.