சூடம் ஒரு சரக்கா?

பூங்கோதை கையெழுத்துப் போட்டால் பெட்டி கப்பல் ஏறும். போடாவிட்டால் விருத்தாசலத்திலேயே கிடக்கும். ஆனந்தராஜின் செராமிக் கம்பெனியில் அவளுக்கு இருந்த மொத்த அதிகாரமும் அவ்வளவுதான். மற்ற நாட்களில் பில் போடுவாள், போன் எடுப்பாள், முதலாளிக்கு டீ வரவில்லை என்றால் கடைக்கு ஆள் அனுப்புவாள். பெட்டி வரும் நாளில் மட்டும் எல்லோரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள்.

பெட்டி என்றால் துணி வைக்கிற பெட்டி இல்லை, லாரி மேல் உட்கார்ந்து சென்னைத் துறைமுகம் போகிற கன்டெய்னர். அதற்குள் தீப்பிடிக்கிற, வெடிக்கிற, அரிக்கிற சரக்கு எதுவும் இல்லை என்று கம்பெனி சார்பில் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கென்றே பூங்கோதை சென்னையில் வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். அபாயச் சரக்குகளை ஒன்பது வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். எதற்குப் பக்கத்தில் எது இருக்கக் கூடாது என்று அதற்கு ஒரு பெரிய சட்டமே உண்டு. சொத்துக்காகக் கோர்ட்டு ஏறிய அண்ணன் தம்பிகளைக் கல்யாணப் பந்தியில் உட்கார வைக்கிற மாதிரிதான். சிலருக்கு நடுவில் ஓர் இலை விட்டால் போதும், சிலரை அடுத்த பந்திக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் அவள் பேக்கிங் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். பெயிண்ட் கூடாது, தின்னர் கூடாது, ஆசிட், பேட்டரி, கேஸ் எதுவும் கூடாது. பேக்கிங் பெண்களுக்குத் தலைவி வீராயி, பூங்கோதையின் மாமியார். மருமகளுக்கு இந்த வேலையைக் கேட்டு வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்பதைச் சோற்றோடு சேர்த்து அடிக்கடி பரிமாறுகிறவள். "நாங்க ஏம்மா தின்னரக் கொண்டாந்து வெளக்குப் பொட்டில வெக்கப்போறோம்? எங்களுக்கென்ன பைத்தியமா?" என்று அன்றைக்கு அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

இந்த முறை சரக்கு ஜெர்மனிக்கு. தீபாவளிக்கு விற்பதற்காக அங்கே ஒரு கடைக்காரர் செராமிக் அகல்விளக்கு கேட்டிருந்தார். இந்தக் கப்பலை விட்டால் அடுத்த கப்பல் தீபாவளி முடிந்துதான் போய் இறங்கும். அப்புறம் அந்த விளக்கை யார் வாங்குவார்? ஆர்டர் கைவிட்டுப் போனால் பொங்கல்வரை பேக்கிங்கில் வேலை இல்லை என்று ஆனந்தராஜ் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

காலையிலேயே சரக்கு ஏற்றி முடித்து, லாரிக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டியாயிற்று. டிரைவர் கோவிந்தசாமி கதவைச் சாத்தப் போனவர் உள்ளே எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சினார்.

"என்னாம்மா, சாமி ரூமாட்டம் மணக்குது?"

"இப்பதான சூடம் காட்டுனோம்," என்றார் ஆனந்தராஜ்.

சூடம் காட்டியது லாரியின் மூஞ்சியில். மணம் வருவதோ பெட்டியின் அடிவயிற்றிலிருந்து. பூங்கோதை உள்ளே ஏறி ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்தாள். ஒவ்வொரு அகலிலும் தாளில் பொதிந்த கற்பூரக் கட்டி. அட்டைப்பெட்டிக்கு ஒன்றாகத் தீப்பெட்டி வேறு.

"யாரு வெச்சது இது?"

"நாங்கதான்," என்றாள் வீராயி, பாராட்டு வரப்போகிறது என்ற முகத்தோடு. "வெறும் வெளக்கையா குடுத்தனுப்பறது? ஒரு சொம்பு குடுத்தாக்கூட ரெண்டு அரிசியாவது போட்டுத்தான குடுப்போம்? அதான் எல்லாம் சேந்து கொளஞ்சியப்பர் கோயில் கடையில வாங்கியாந்தோம். கம்பெனி காசு இல்ல, எங்க காசு."

"அபாயமான சாமான் எதுவும் வெக்கக் கூடாதுன்னு சொன்னேனே அத்த!"

"சூடம் சாமானா? அது சாமிக்கு உள்ளது."

பூங்கோதை படித்த சட்டத்தில் கற்பூரம் நான்காம் வகுப்பு, தீப்பற்றும் திடப்பொருள். தீப்பெட்டியும் அதே வகுப்பு. சாமிக்கென்று தனி வகுப்பு எதுவும் அதில் இல்லை.

ஆனந்தராஜ் அவளைத் தனியே கூப்பிட்டார். "இத்துனூண்டு சூடம்மா. போட்டு வுடு கையெழுத்த. யாரு பாக்கப்போறா?"

"நான் பாத்துட்டனே சார்."

"பாக்காத மாரி இரு. இல்லன்னா நாளையிலேருந்து நீ வர வேணாம்."

கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். யாரையும் கடிந்து பேசாத மனிதர். அதனால்தான் அது வெறும் மிரட்டல் இல்லை என்று பூங்கோதைக்குத் தெரிந்தது. வேலை போய்விடும், பத்துப் பெண்களின் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் என்று பெயர் வரும், ராத்திரி அதே மாமியார் கையால்தான் சாப்பிட வேண்டும். போட்டுத் தொலைத்துவிடலாம் என்றே ஒரு கணம் நினைத்தாள். பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டாள். பிறகு மூடினாள்.

"எல்லாத்தையும் எறக்கணும்," என்றாள்.

ஒருத்தியும் அசையவில்லை. வீராயிக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னா பூங்கோத, சூடத்தப் போயி வெடிகுண்டாட்டம் பேசற? வருசம் பூரா கொளுத்துறேன், என் வூடு என்ன எரிஞ்சா போச்சு?"

"வூட்டுல எரிஞ்சா தண்ணி ஊத்துவீங்க, இல்லன்னா வெளிய ஓடியாருவீங்க. இது இரும்புப் பொட்டி அத்த. வெயில்ல காஞ்சி, சூடமெல்லாம் ஆவியாயி உள்ளாறயே நிக்கும். ஒரு பொறி போதும். நடுக்கடல்ல எங்க ஓடுவாங்க?"

"யாரு ஓடுவாங்க? கப்பல்ல பொட்டிதான போவுது?"

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஆயுசு முழுக்கக் கப்பலுக்குச் சரக்குக் கட்டியவள், கப்பலைக் கண்ணால் பார்த்ததில்லை. கூட்ஸ் வண்டி மாதிரி முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்றுதான் நினைத்திருந்தாள்.

"இருவது பேருக்கு மேல இருப்பாங்க," என்றாள் பூங்கோதை. "மாசக்கணக்கா அதுலயேதான் சோறு, அதுலயேதான் தூக்கம். நம்ம பொட்டிக்கு மேலயும் பொட்டி, கீழயும் பொட்டி. எது எரியுதுன்னு கண்டுபுடிக்கறதுக்குள்ள..."

கோபம் வடிந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது வீராயியின் முகத்தில் தெரிந்தது.

"புள்ளகுட்டிக்காரங்களா?"

"ஆமாம் அத்த."

வீராயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டிக்குள் ஏறினாள். "என்னாங்கடி பாத்துக்கினு நிக்கறீங்க? வாங்க," என்று அதட்டினாள். அப்புறம் யாரும் நிற்கவில்லை. அட்டைப்பெட்டிகள் இறங்கின, பிரிந்தன, கற்பூரம் அன்னக்கூடையில் குவிந்தது. கோவிந்தசாமி பீடி குடிக்க மெயின் ரோட்டுக்கே போய்விட்டார். கொஞ்ச நேரம் நாற்காலியில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆனந்தராஜ், பிறகு தானும் வந்து பெட்டி தூக்கினார். இருட்டுவதற்குள் கிளம்பினால், துறைமுகத்து லாரி வரிசையில் நின்று காலையில் கேட் மூடுவதற்குள் உள்ளே போய்விடலாம் என்று கோவிந்தசாமி சொல்லியிருந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஆனந்தராஜ் தாளை நீட்டினார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

"இரு," என்றாள் வீராயி.

தான் பார்த்து முடித்து ஒட்டி வைத்த அட்டைப்பெட்டிகளையே அவள் மறுபடி பிரிக்க ஆரம்பித்தாள். ஒன்று, இன்னொன்று, அடுத்தது. அதன் மூலையில், விளக்கு உடையாமலிருக்க அடைத்த வைக்கோலுக்கு அடியில் ஒரு தீப்பெட்டி கிடந்தது. அதை எடுத்துப் பூங்கோதையிடம் நீட்டினாள்.

"நான் பாத்த பொட்டிதான் இது," என்றாள். பிறகு மிச்சப் பெட்டிகளையும் முதலிலிருந்து பார்த்தாள். பெண்களும் கூட உட்கார்ந்தார்கள். சீக்கிரம் என்று அவர்களை யாரும் விரட்டவில்லை.

பெட்டிகள் ஏறி, கதவு சாத்தி, சீல் வைத்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பூங்கோதை லாரி விளக்கு வெளிச்சத்தில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். வீராயி பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கும் ஒரு எடம் காட்டு."

அந்தத் தாளில் ஒருவர் கையெழுத்துக்குத்தான் இடம். இன்னொரு பெயர் எதற்கு என்று சென்னையில் கேட்பார்கள். கேட்கட்டும் என்று பூங்கோதை தன் கையெழுத்துக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். வீராயி எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதி முடிக்கும்வரை கோவிந்தசாமி லாரியைக் கிளப்பாமல் காத்திருந்தார்.