திஹோப்ரோத் சொன்ன பேச்சைக் கேட்ட சனிக்கிழமை

எங்கள் திஹோப்ரோத்தில் யாரும் யார் பேச்சையும் கேட்பதில்லை. ஆற்றங்கரையில் குப்பை கொட்டக் கூடாது என்று நகராட்சி பலகை நட்டால், அடுத்த வாரம் அந்தப் பலகையே குப்பையோடு கிடக்கும். தேவாலயத்தில் மெழுகுவர்த்தியை மேல்தட்டில் ஏற்றினால் உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழே மணலில் ஏற்றினால் செத்துப் போனவர்களுக்கு. பாதிரியார் தலைபாடாக அடித்துக்கொண்டாலும், சம்பந்தியோடு சண்டையென்றால் வேண்டுமென்றே அவள் பெயரைச் சொல்லிக் கீழே மணலில் ஏற்றிவிட்டு வருகிறவர்கள் இங்கே உண்டு. இப்பேர்ப்பட்ட ஊர் ஒரே ஒரு நாள் சொன்ன பேச்சைக் கேட்டது. அன்றைக்கு என் தலையில் இடி விழுந்தது.

அதற்கு முந்தின திங்கட்கிழமை மேயர் நெத்யால்கோ வாசகசாலைக்கு வந்தான். நான் அங்கே செயலாளர். பெயர்தான் செயலாளர், கூட்டுவது, விளக்கேற்றுவது, நாட்டியக் குழுவின் பாவாடைகளுக்கு அந்துருண்டை போடுவது எல்லாம் நானே. நெத்யால்கோவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் மேயர் ஆனதற்கு நான் என்ன செய்யமுடியும்?

"தெமெனுகா, சனிக்கிழமை கம்பெனிக்காரங்க வராங்க. நம்ம ஊரோட பூகோளம், வரலாறு, பொருளாதாரம் மூணையும் நீ பேசணும். சுருக்கமா."

"பொருளாதாரத்துல என்னத்தப் பேசறது?"

"அதை சீக்கிரம் முடிச்சிரு."

"அதான் எப்பவோ முடிஞ்சிருச்சே. இனி நான் வேற முடிக்கணுமா?"

அவன் சிரிக்கவில்லை. காருக்குள் போகும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கிற தொழிற்சாலை ஒன்று பழைய நூற்பாலைக் கட்டடத்துக்கு வரப் பார்க்கிறது என்றான். வந்தால் ஊரில் பாதிப் பேருக்கு வேலை. "பராமரிப்புக்கு லாச்செசாரைத்தான் சொல்லியிருக்கேன். அந்த ஆலையோட ஒவ்வொரு கம்பியும் அவனுக்குத்தானே தெரியும்" என்றான். நான் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தேன்.

லாச்செசார் என் கணவன். ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தான். ஆலையை மூடியதும் லாரி ஓட்டப் போனான். அன்றிலிருந்து ஜெர்மனி, பிரான்ஸ், ஹாலந்து என்று சுற்றுகிறான். கிறிஸ்துமசுக்கு வருவான், ஈஸ்டருக்கு வருவான். வந்த முதல் நாள் சமையலறையில் நின்று, "ஸ்பூன் எங்கே வச்சிருக்கே?" என்று விருந்தாளி மாதிரி கேட்பான். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு அழுகையும் வரும், ஆத்திரமும் வரும். ஸ்பூனை எடுத்து மேசையில் ஓங்கிப் போடுவேன். தொழிற்சாலை ஒன்று வரட்டும், அன்றைக்கே லாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்பது அவன் பேச்சு. வரட்டும், வரட்டும் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கம்பெனிக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மின்சாரம் நிலையாக இருக்கவேண்டும். ஏறி இறங்கினால் அவர்கள் இயந்திரங்களுக்கு ஆகாதாம். அதை அளக்கத்தான் வருகிறார்கள். அதற்கு அவர்கள் பொறுக்கியெடுத்த நாள் செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை!

செப்டம்பர் சனிக்கிழமையில் எங்கள் ஊரில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். செத்தால்கூட ஞாயிற்றுக்கிழமை சாவதுதான் மரியாதை. வெள்ளிக்கிழமைச் சந்தையில் நீளச் சிவப்புக் குடைமிளகாய் மூட்டை மூட்டையாக வந்திறங்கும். மறுநாள் ஒவ்வொரு முற்றத்திலும் சுஷ்கோபெக், அதாவது மின்சார மிளகாய் அடுப்பு, கனன்றுகொண்டிருக்கும். சுட்டு, தோலுரித்து, தக்காளியோடு சேர்த்துக் கிளறி, பாட்டிலில் அடைத்தால்தான் குளிர்காலத்துக்கு லியுதெனித்சா. அந்தத் தொக்கு இல்லாத வீட்டைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதை நான் சொல்லப்போவதில்லை. நானே பேசியிருக்கிறேன்.

ஆகவே நெத்யால்கோ தன் காரின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனான். "மக்களே! சனிக்கிழமை காலையில யாரும் மிளகாய் அடுப்பைப் போடாதீங்க! வர்றவங்க பதினோரு மணிக்குள்ள போயிடுவாங்க. கோயில்ல பன்னிரண்டு மணி அடிச்சப்புறம் உங்க இஷ்டம்!"

நான் கேலியாகச் சிரித்தேன். பக்கத்து வீட்டு ஸ்தமேனா அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவளுடைய இரண்டு மகள்களும் இத்தாலியில் கிழவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

"என்னடி சிரிக்கிற?"

"இந்த ஊராவது கேக்கறதாவது."

"நான் கேப்பேன். அந்த மேயர் மூஞ்சிக்காகன்னு நெனச்சுக்காதே. உன் புருஷன் வரணும். என் சின்னவளும் வந்தா வரட்டும். மிளகா அரைநாள் காத்திருந்தா அழுகியா போயிடும்?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உன் மிளகா ஏற்கெனவே அழுகல்தானே" என்றேன்.

சனிக்கிழமை விடிந்தது. ஊரில் சத்தமே இல்லை. மிளகாய் மணமும் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் கழுவித் துடைத்த மிளகாய் குவிந்திருக்க, பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திஹோப்ரோத் இப்படி ஒழுங்காக இருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

ஒன்பது மணிக்கு வரவேண்டியவர்கள் வரவில்லை. கணவாயில் வழி தவறி, ஆட்டு மந்தையில் சிக்கி, பதினொன்றுக்கு மேல்தான் வந்து சேர்ந்தார்கள். இரண்டே பேர். ஒருவர் நெட்டையான ஆஸ்திரியாக்காரர். இன்னொருத்தி ரலித்சா, தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்த இளம் என்ஜினியர், அவருக்கு மொழிபெயர்க்கவும் செய்தாள். வந்ததும் ரலித்சா ஒரு சின்னப் பெட்டியை வாசகசாலைச் சுவரில் செருகினாள். பச்சை எண்கள் ஆடாமல் அசையாமல் நின்றன. நெத்யால்கோவின் முகம் புது மாப்பிள்ளை முகமாகிவிட்டது.

"பேசும்மா, பேசு" என்றான் என்னிடம்.

பேசினேன். பூகோளத்தைச் சடுதியில் முடித்தேன்: வடக்கே மலை, தெற்கே சமவெளி, நடுவில் வெயில் காலத்தில் காணாமல் போகிற ஓர் ஆறு. பிறகு வரலாறு. ரோமானியர்கள் இங்கே கோட்டை கட்ட ஆரம்பித்து, கொசுத் தொல்லையால் கிளம்பிப் போனதைச் சொன்னேன். ஆஸ்திரியாக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்து என்ன ஆனது என்று கேட்டார். என் வாழ்நாளில் என்னிடம் யாரும் அடுத்து என்ன ஆனது என்று கேட்டதில்லை. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்தால் கழிப்பறை எங்கே என்றுதான் கேட்கும்.

எனக்குச் சாமி வந்துவிட்டது. துருக்கியர் எங்களை ஆண்ட காலத்துக்கு வந்தேன். நாடெல்லாம் கிளர்ச்சி செய்தபோது எங்கள் ஊர்க்காரர்கள் கொடி தைத்து, வாளைச் சாணை பிடித்து, கொடியில் சிங்கத்தின் வால் மேலே போகவேண்டுமா கீழே தொங்கவேண்டுமா என்று சண்டை போட்டு முடித்து ஊரைவிட்டுப் புறப்பட்டபோது கிளர்ச்சியே ஓய்ந்திருந்தது. இதை நான் கைகால் ஆட்டி நடித்துக் காட்டினேன். கடைசி வரிசையிலிருந்து நெத்யால்கோ மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினான். தன் புதுக் கடிகாரத்தைப் பீற்றிக்கொள்கிறான், இந்த நேரத்தில் இது வேறா என்று நினைத்துக்கொண்டு மேலே பேசினேன்.

அப்போது கோயில் மணி அடித்தது.

சாதாரணச் சனிக்கிழமைகளில் ஒருத்தி காலையிலேயே அடுப்பைப் போடுவாள், ஒருத்தி சாப்பிட்டபின் போடுவாள், ஒருத்தி தூங்கியெழுந்து சாயங்காலம் போடுவாள். எங்கள் ஊர்க் கிழட்டு டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்கிக்கொள்ளும். அன்றைக்கு மணிச் சத்தம் கேட்டதும் ஊரே, வீடு விடாமல், ஒரே மூச்சில் அடுப்பைப் போட்டது. பெட்டியின் பச்சை எண்கள் சிவப்பாயின, குதித்தன, கீச்சென்று கத்தின. வெளியே ஆலைப் பக்கம் டமார் என்று ஒரு சத்தம். விளக்கு, மின்விசிறி, என் பின்னால் திரையில் படமாக விழுந்திருந்த சிங்கக் கொடி எல்லாம் ஒன்றாக அணைந்தன.

"இந்த மாதிரி நடந்ததே இல்ல, மேடம்! சத்தியமா இதுதான் முதல் தடவ!" என்றான் நெத்யால்கோ.

அவன் வாயை மூடுவதற்குள் ஜன்னலில் ஸ்தமேனா அக்காவின் தலை தெரிந்தது. கையில் இடுக்கி, இடுக்கியில் பாதி வெந்த மிளகாய்.

"நெத்யால்கோ! நீ சொன்ன மாதிரி மணி அடிச்சப்புறம்தானே போட்டோம்? இப்ப கரண்ட்டையே காணோம்! என்னய்யா ஏமாத்து வேல இது?"

ரலித்சா அவளைப் பார்த்தாள். "எத்தனை பேர் போட்டீங்க?"

"எத்தனை பேரா? எல்லாரும்தான்."

"ஒரே நேரத்திலயா?"

"அந்தப் புத்திசாலிதானே நேரம் குறிச்சுக் குடுத்தான்!"

ரலித்சா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை மொழிபெயர்த்ததும் ஆஸ்திரியாக்காரரும் சிரித்தார். நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தேன். பொருளாதாரத்துக்கு நான் வரவே இல்லை.

மிளகாய் காத்திருக்காது. சற்று நேரத்தில் தெருவில் விறகு அடுக்கி, தகரத்தைப் போட்டு, ஊரே ஒன்றாக நின்று சுட ஆரம்பித்துவிட்டது. வந்தவர்களை விடுவார்களா? பெஞ்சைப் போட்டு உட்காரவைத்து, சுட்ட மிளகாயில் பூண்டும் எண்ணெயும் விட்டு, வெண்பாலாடைக் கட்டியும் ரொட்டியும் ராக்கியா என்கிற பழச் சாராயமும் வைத்தார்கள். ஆஸ்திரியாக்காரர் முழங்கைவரை எண்ணெய் வழியச் சாப்பிட்டார். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. நாக்கு ருசி கண்டால் மனம் மாறாதா?

ரலித்சாவை ஓரமாக அழைத்துக் கேட்டேன். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, எங்கம்மாவும் அடுக்குமாடி பால்கனில இதேதான் பண்றாங்க. கரண்ட் போகும், கீழ்வீட்டுக்காரர் கத்துவார். எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு. ஆனா அறிக்கைல பொய் எழுத முடியாது. புது லைன் இழுக்கணும், அதுக்கு வருஷக்கணக்காகும். இவர் அடுத்த பள்ளத்தாக்குல இன்னொரு எடம் பார்த்து வச்சிருக்கார்."

"இல்லேன்னே வச்சுக்கலாமா?"

"இல்லேன்னே வச்சுக்கங்கக்கா."

அவர்கள் கார் கிளம்பிப் போனது. ஸ்தமேனா அக்கா கரிக்கையோடு என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, புகை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

"காலைலயே திருட்டுத்தனமா போட்டுத் தொலைச்சிருக்கணும்டி. நான் ஒருத்தி போட்டிருந்தா, அதப் பார்த்து இன்னும் நாலு பேரு போட்டிருப்பா. பாரம் பிரிஞ்சிருக்கும். வாழ்க்கைல ஒரே ஒரு தடவ ஒழுங்கா இருந்தேன், உன் குடியக் கெடுத்துட்டேன்."

"போக்கா. நீயாவது பரவாயில்ல. நான் சிங்கத்தோட வாலைப் பிடிச்சுத் தொங்கிட்டிருந்தேன்."

வாசகசாலைப் படியில் உட்கார்ந்து லாச்செசாருக்குப் போன் போட்டேன். லாரி நிறுத்தத்தில் இருந்தான். பின்னால் வேறு லாரிகளின் உறுமல் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். ஊரே ஒன்றாக அடுப்பைப் போட்ட இடத்தில் அவன் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பு நின்றது.

"சரி விடு. அடுத்து எதாவது வராமலா போகும்? வரட்டும், பாப்போம்" என்றான்.

வரட்டும் என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. காலையிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு மணிச் சத்தத்துக்குக் காத்திருந்த பெண்கள் எல்லாரும் கண் முன்னால் வந்தார்கள்.

"ஒண்ணும் வராது லாச்சோ. நீ வா."

"வந்து?"

"வந்து என்னன்னு எனக்குத் தெரியாது. லைன் வந்தப்புறம், கம்பெனி வந்தப்புறம்னு இனிமே என்னால உக்காந்திருக்க முடியாது. எனக்கு நீ வேணும். வேலை அப்புறம் தேடிக்கலாம்."

லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன.

"இத்தனை வருஷத்துல நீ வான்னு சொன்னதே இல்ல, தெமெனுகா."

"நீ வரேன்னு சொன்னியா?"

"நீ கூப்பிடலையே! நான் அனுப்பறதுதான் உனக்குத் தேவைன்னு நெனச்சேன்."

"முட்டாள்."

"நானா நீயா?"

"ரெண்டு பேரும்தான்! எப்ப வரே, அதச் சொல்லு."

அவன் யாரிடமோ ஏதோ ஜெர்மன் மொழியில் கேட்டான். பதில் வந்தது. "வெள்ளிக்கிழமை நம்ம பக்கம் ப்ளோவ்திவுக்கு ஒரு லோடு இருக்கு. அத எறக்கிட்டு, சாவியக் குடுத்துட்டு பஸ்ல வந்துடறேன்" என்றான்.

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். அப்புறம் படியிலேயே உட்கார்ந்து, தெருவே பார்க்க, ஓவென்று அழுதேன். கம்பெனி போன துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து ஊரே ஒவ்வொருத்தியாக வந்து என்னைக் கட்டிக்கொண்டு சமாதானம் சொன்னது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருத்தியும் கேட்கவில்லை.