டிரேகர் குடும்ப வரலாறு, கடைசிப் பக்கம் தவிர

1

இது நான் ஆசைப்பட்டு எழுதும் கதை அல்ல. என் தலையில் கட்டிய வேலை. போன செப்டம்பரில் டிரேகர் குடும்பக் கமிட்டி கூடியது. உருளைக்கிழங்கு சாலட்டையும் பீரில் வேகவைத்த சாசேஜையும் ஒரு கை பார்த்துவிட்டு, ஏப்பத்துக்கு நடுவே ஒரு தீர்மானம் போட்டார்கள். ஜெர்மனியின் பொமரேனியாவிலிருந்து டிரேகர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கு வந்து 2004 ஜூலையோடு நூற்றைம்பது வருடம். அதற்குள் குடும்ப வரலாறு அச்சாகிவிட வேண்டும். யார் எழுதுவது என்ற பேச்சு வந்ததும் இருபத்துமூன்று டிரேகர்களும் ஒன்றுபோலத் தட்டைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

“நீதான் டீச்சரா இருந்தியேம்மா,” என்றார் லோவல். என் கணவர் ஆர்லினுக்குப் பெரியப்பா மகன், கமிட்டித் தலைவர், எதையும் நின்றுகொண்டே பேசுபவர். “ஒனக்கென்ன, கை தானா ஓடும். ஒண்ணே ஒண்ணு. நல்லதை மட்டும் எழுது. சாக்கடையைக் கிளறாத.”

“சரிண்ணே,” என்றார் ஆர்லின், எனக்குப் பதிலாக.

2

தொடங்கிப் பார்த்தேன்.

*1854ஆம் ஆண்டு வசந்த காலத்தில், கையில் ஒரு வேதாகமமும் ஒரு மண்வெட்டியும் மட்டுமே கொண்டு, கார்ல் டிரேகர்*

(நிறுத்திவிட்டேன். இந்த வட்டாரத்துக் குடும்ப வரலாறுகள் பதினான்கு படித்தாயிற்று. பதினான்கு பேரும் வேதாகமமும் மண்வெட்டியுமாகத்தான் கப்பலேறியிருக்கிறார்கள். ஒருவர்கூட மாற்று உடுப்பு கொண்டுவரவில்லை.)

*மனிதக் காலடி படாத காட்டை வியர்வை சிந்தி*

(காலடி பட்ட காடுதான். அங்கே இருந்த பூர்வகுடிகள் எங்கே போனார்கள் என்று ஒரு வரி சேர்த்தேன். லோவல் அதைப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் “இது அவங்க வரலாறு, நம்மது இல்ல” என்று எழுதி அனுப்பினார்.)

*ஏவால்ட் டிரேகர் தன் மனைவியிடம் பதினோரு வருடம் பேசவில்லை. காரணம், வெண்ணெய்.*

இதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. கமிட்டிக்கு ஒரு வரலாறு எழுதிக்கொண்டே, திருட்டுத்தனமாக இதையும் எழுத ஆரம்பித்தேன். நீங்கள் படிப்பது இந்தத் திருட்டுப் பிரதியை.

3

ஏவால்ட் என் மாமனார். முப்பத்தெட்டு மாடு கறந்தவர். அந்தக் காலத்தில் எங்கள் மாநிலத்தில், எண்ணெயில் செய்த போலி வெண்ணெய்க்கு மஞ்சள் நிறம் போட்டு விற்பது சட்டப்படி குற்றம். வெள்ளையாக, பன்றிக்கொழுப்பு மாதிரிதான் விற்க வேண்டும். பால்பண்ணைக்காரர்கள் போராடி வாங்கிய சட்டம். அதனால் சனிக்கிழமைகளில் பாதி ஊர் எல்லை தாண்டி இல்லினாய்ஸ் போய், மஞ்சள் கட்டிகளைக் காரின் பின்னால் போர்வைக்கடியில் மறைத்துக் கொண்டுவரும். ஞாயிறன்று எல்லாரும் ஒன்றும் அறியாதவர்கள்போல் தேவாலயத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.*

* இதையும் வரலாற்றில் சேர்த்தேன். இதற்கும் பென்சில் வந்தது.

1958 கிறிஸ்துமஸ். என் மாமியார் அல்வீனா அத்தையின் தங்கை மெட்டா, இல்லினாய்ஸில் ராக்ஃபோர்டில் வாக்கப்பட்டவர், நான்கு கட்டி கொண்டுவந்து கொடுத்தார். அத்தை அதைப் போட்டுப் பலகாரம் சுட்டார். மாமனார் ஆறு தின்றார். நன்றாக இருக்கிறது என்று சொன்னார். ஏழாவதை எடுக்கும்போது குப்பைக்கூடையில் கிடந்த உறை கண்ணில் பட்டது.

“என் வீட்டுலயா?” என்றார். அவர் மனைவியிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். 1969 நவம்பரில் தொழுவத்தில் நெஞ்சு வலித்து விழும்வரை வேறு வார்த்தை இல்லை.

1968இல் நான் மருமகளாய் வந்து சாப்பிட உட்கார்ந்த முதல் ஞாயிறு.

“ஆர்லின், உங்கம்மாகிட்ட உப்பைக் கேளு,” என்றார் மாமனார். உப்பு அத்தைக்கு முன்னால் இருந்தது. கையை நீட்டினால் எட்டும்.

“அம்மா, அப்பா உப்புக் கேக்குறாரு.”

“ஆர்லின், உருளைக்கிழங்குல உப்பு போட்டாச்சுன்னு சொல்லு.”

“அப்பா, போட்டாச்சாம்.”

நான் சிரித்துவிட்டேன். வீட்டு வேடிக்கை என்று நினைத்தேன். மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் குனிந்து சாப்பிட்டேன்.

4

இங்கே எனக்குச் சந்தேகம் வருகிறது, உங்களுக்கும் வந்திருக்கும். நான்கு கட்டி போலி வெண்ணெய்க்காகப் பதினோரு வருடமா? யார் நம்புவார்கள்? கதாபாத்திரத்துக்கு வலு வேண்டாமா? ஆகவே ஒரு காரணம் ஜோடித்தேன்.

*1944இல் அவர்களுடைய இரண்டாவது குழந்தை கைக்குழந்தையாகவே இறந்தபோது, ஏவால்ட்டின் உள்ளே ஏதோ ஒன்று*

அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அப்போது அவருக்குத் தொண்ணூற்றொன்று. கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை.

“எந்தக் குழந்தை?” என்றார்.

“கதைக்காகப் போட்டேன் அத்தை. ஒரு துக்கம் இருந்தா மாமா மேல படிக்கிறவங்களுக்கு ஒரு இரக்கம் வரும்.”

“புள்ளையும் சாகல, ஒரு மண்ணும் இல்ல. வெண்ணெய்தான். அந்தாளுக்கு இவ்வளவு பெரிய காரணத்தை எதுக்குடி சும்மா தூக்கிக் குடுக்குற?”

நியாயமான விமர்சனம். அடித்துவிட்டேன்.

“நீங்களாவது ஒரு தடவை பேசியிருக்கலாமே?”

“பேசினேனே. ஆர்லின் பட்டாளத்துல இருந்தப்ப. கன்னுக்குட்டிக்குப் பின்னங்காலு முன்னாடி வருது, ஓடி வாங்கன்னு கத்தினேன். அந்தாளு ஆர்லின் உக்கார்ற நாற்காலியைப் பாத்து, ‘ஆர்லின், எந்தப் பசுன்னு கேளு’ங்கறாரு. காலி நாற்காலிடி! நானே போய் இழுத்துப் போட்டேன் கன்னை.”

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் உயிரோடிருந்தபோது ஒரு நாள்கூட அவரை எதிர்த்து நான் வாயைத் திறக்கவில்லை என்பது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

5

கல்லைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது.

எங்கள் ஆட்கள் கல்லறைக் கல்லை முன்கூட்டியே வாங்கி நட்டுவிடுவார்கள். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே கல். பெயர், பிறந்த வருடம், ஒரு கோடு. சிக்கன புத்தி அதோடு நிற்காது. சாவும் எப்படியும் இந்த நூற்றாண்டில்தானே என்று, கோட்டுக்குப் பின்னால் 19 என்பதையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள். பிற்பாடு இரண்டு எண் வெட்டினால் போதும். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அப்படிப் பதினோரு கல். பெரும்பாலோர் சொல்பேச்சுக் கேட்டுக் காலத்தில் இறந்துபோனார்கள்.

1961இல், பேச்சு நின்ற மூன்றாம் வருடம், மாமனார் கல் வாங்கினார். “ஆர்லின், உங்கம்மாகிட்ட சொல்லு, கல்லு வந்துருச்சு.” ஞாயிறு ஆராதனை முடிந்து அத்தை போய்ப் பார்த்தார். *ஏவால்ட் 1908–19. அவர் மனைவி அல்வீனா 1912–19.* அதற்குக் கீழே: *அன்பில் என்றும் இணைந்தவர்கள்.*

உப்புக் கேட்க வாய் வராத மனிதர், இதைச் சொல்லி வெட்டச் சொல்லியிருக்கிறார். கல்தச்சனிடம் பேசினார் பாருங்கள்!

(உணர்ச்சிவசப்படுகிறேன். ஓர் எழுத்தாளர் இப்படி ஆச்சரியக்குறி போடக்கூடாது. இருக்கட்டும்.)

அத்தை சாகவில்லை. இரண்டாயிரம் பிறந்தது. கல்லில் 19 வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஆண்டுவிழா மலரின் கடைசிப் பக்கத்தில் கல்லறைத் தோட்டத்துப் படம் போட வேண்டும், அதில் தவறான எண் தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும் என்று லோவல் கவலைப்பட்டார். எண்ணைத் தேய்த்து 20 ஆக்கலாம். ஆனால் கல்லில் பெயருள்ளவர் உயிரோடிருந்தால், அவர் கையெழுத்து இல்லாமல் கல்லைத் தொடக்கூடாது என்பது தோட்டத்து விதி.

அக்டோபரில் காகிதத்தோடு வந்தார்.

“சித்தி, ஒரே ஒரு கையெழுத்து. பத்தொம்பதைத் தேய்ச்சு இருபதாக்கிடலாம்.”

“தேய்க்கப் போறியா? நல்லதுடா. அப்படியே பக்கத்துல இருக்கிற என் பேரையும் சேத்துத் தேய்ச்சுடு.”

“என்ன சித்தி, வெளையாட்டா?”

“நான் அந்தாளு பக்கத்துல படுக்கமாட்டேன். என்னை ராக்ஃபோர்டுல மெட்டா பக்கத்துல போடுங்க. அவ எங்கிட்ட பேசுவா.”

“மெட்டா செத்து இருபது வருசமாச்சு!”

“அப்பவும் உங்க சித்தப்பனைவிட நல்லாப் பேசுவா.”

லோவலுக்கு முகம் சிவந்துவிட்டது. “நூத்தம்பது வருசத்துல ஒரு டிரேகர்கூட வெளியூர் மண்ணுல புதைஞ்சதில்ல. அதுவும் இல்லினாய்ஸ்ல! கல்லு வேற தயாரா இருக்கு. ஊரு என்ன பேசும்?”

“ஊராவது பேசட்டுமே,” என்றார் அத்தை.

காகிதம் கையெழுத்தில்லாமல் திரும்பியது. வாசலில் வைத்து லோவல் ஆர்லினிடம், “உங்கம்மாவுக்கு நீ எடுத்துச் சொல்லுடா,” என்றார். “சரிண்ணே,” என்றார் ஆர்லின். உள்ளே வந்ததும் அத்தை, “அவன்கிட்ட நீ தெளிவாச் சொல்லிடு, ராக்ஃபோர்டுதான்,” என்றார். “சரிம்மா,” என்றார் ஆர்லின். அறுபத்தோரு வயது. மாட்டுச் சந்தையில் அவரிடம் யாரும் வாலாட்ட முடியாது. இந்த வீட்டுக்குள் மட்டும் இன்னும் தபால்காரர்.

அவர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

6

ஜனவரி பதினேழாம் தேதி காலை, காப்பிக்குக் காத்திருந்தபடியே அத்தை இறந்துபோனார். இதை அழகாக எழுத மூன்று முறை முயன்றேன். மூன்றும் பொய்யாக இருந்தன. காப்பியைக் கொண்டுபோனேன், அவர் இல்லை. அழுதேன்.

எங்கள் ஊரில் குளிர்காலத்தில் இறந்தவர்களை உடனே புதைக்க முடியாது. மண் நான்கடி ஆழத்துக்கு இறுகிக் கிடக்கும். பெட்டியைக் கல்லறைத் தோட்டத்தில் இதற்கென்றே கட்டிய அறைக்குள் பூட்டி வைத்துவிட்டு, ஏப்ரலில் மண் இளகியதும் குழி தோண்டுவார்கள். அத்தை இப்போது அங்கேதான் இருக்கிறார். எந்த மண்ணிலும் இல்லை.

ஆகவே முடிவு இன்னும் நடக்கவில்லை. எழுத்தாளருக்கு இதைவிட வசதி ஏது? வேண்டியதை எழுதிக்கொள்ளலாம்.

முடிவு ஒன்று: அத்தையின் தலையணைக்கடியில் ஒரு கடிதம் கிடைக்கிறது. மாமனாரை மன்னித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். கமிட்டி கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. (தேடினேன். தலையணைக்கடியில் ஒரு கைக்குட்டையும் பாதி மிட்டாயும் இருந்தன. மன்னிப்பு இல்லை.)

முடிவு இரண்டு: கல் இடி விழுந்து இரண்டாகப் பிளக்கிறது. (வெட்கமாக இல்லையா எனக்கு.)

முடிவு மூன்று: ஆர்லின் லோவலைக் கூப்பிட்டு, “அம்மா ராக்ஃபோர்டுக்குப் போறாங்க,” என்று சொல்கிறார். இனிமேல் மகன் கையெழுத்துதான் செல்லும். கல்லறைத் தோட்டத்துக்காரர்கள் அனுப்பிய அடக்கக் காகிதம் ஆறு வாரமாகச் சமையலறை மேசையில் கிடக்கிறது. எந்தத் தோட்டம் என்ற இடம் காலி. ஒரு பேனாவும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

மூன்றாவதை எழுதினேன். ஒன்றரைப் பக்கம், நன்றாகவே வந்திருந்தது. ஆர்லின் அதில் சத்தமாகப் பேசினார், நிமிர்ந்து நின்றார். எனக்கே அவர்மேல் ஆசை வந்தது.

7

இன்று காலை பால் கறந்துவிட்டு வந்த ஆர்லின், நான் வெளியே போயிருந்த நேரம் இந்தத் தாள்களைப் படித்திருக்கிறார். திரும்பி வந்தபோது மேசையில் உட்கார்ந்திருந்தார்.

“தபால்காரர்னு எழுதியிருக்க,” என்றார்.

“ஆமாம்.”

“உண்மைதான்.” கொஞ்ச நேரம் தாள்களைத் திருப்பிக்கொண்டிருந்தார். “இந்த மூணாவது முடிவு நல்லாருக்கு. அண்ணன்கிட்ட நான் பேசுறது. அப்படியே இருக்கட்டும். நீ அதையே கமிட்டிக்கு அனுப்பிடு. அண்ணன் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும். அப்புறம் நான் கையெழுத்துப் போட்டுடறேன்.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பதினோரு வருடம் அப்பா சொன்னதை அம்மாவிடமும், அம்மா சொன்னதை அப்பாவிடமும் கொண்டுபோன மனிதர், இப்போது தான் சொல்ல வேண்டியதை என்னிடம் கொடுத்தனுப்புகிறார். என்னைத் தபால்காரி ஆக்குகிறார். நானோ ஒன்றரைப் பக்கம் எழுதி, தபால்தலையும் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அந்த ஒன்றரைப் பக்கத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்தேன். (அதனால்தான் உங்களுக்கு அது கிடைக்கவில்லை.)

“என்னடி பண்ற?”

“எழுதமாட்டேன். உங்கம்மாவைப் பத்தி நீங்க பேசுங்க. உங்க வாயால. ஒரே ஒரு தடவை.”

“அண்ணன் கத்துவாரு.”

“கத்தட்டும்.”

“என்னன்னு சொல்றது?”

“அதையும் நானே சொல்லித் தரணுமா?”

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அப்படியே அவர் அப்பா. இந்த வீட்டில் இன்னொரு பதினோரு வருடம் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. மண் இளக அதிக நாள் இல்லை.

பிறகு எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டார், ஈரம் இல்லாத கையை. சுவரில் மாட்டியிருக்கும் தொலைபேசியை எடுத்து எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். நான் எதிரில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி அடிப்பது எனக்கும் கேட்கிறது. நான்கு முறை அடித்தது. லோவல் எடுத்துவிட்டார். “யாரு?” என்று உறுமுவது இங்கே வரை வருகிறது.

ஆர்லின் என்னைப் பார்க்கிறார். நான் உதட்டை அசைக்கவில்லை. அவர் அடுத்து என்ன சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எனக்கும்தான். ஆனால் அந்த வரி என்னுடையது அல்ல. பேனாவை மூடி வைக்கிறேன்.