கஸ்பார் பிரபுவுக்கு ஒரு விருத்தம்

கூத்தில் கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிடுகிற துரோகி கஸ்பார் பிரபு. மன்னாரில் அந்த வேஷத்தை லோறன்ஸின் தகப்பன் கட்டினார். ஒஸ்லோவில் லோறன்ஸ் கட்டினான். வேஷத்தைக் கழுவலாம், பட்டத்தைக் கழுவ முடியுமா? ‘காட்டிக்குடுத்தான்’ என்ற பட்டம் ஊரிலிருந்து விமானமேறி வந்து, ஒஸ்லோவின் ட்வெய்ட்டாக் கடைகளில் சாமான் வாங்கும்போதும் முதுகுக்குப் பின்னால் கேட்டது. பகிடியாம்! நாட்டில் சண்டையைக் கண்டு ஓடிவந்த சனத்துக்கு அந்தச் சொல்லா பகிடி? தமிழ் வகுப்பில் மகள் மேரினுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையும் இருப்பதில்லை.

2004இல் தகப்பன் செத்துப்போக, அவர் பெட்டியிலிருந்த பழைய கூத்துக் கொப்பியைத் தங்கச்சி தபாலில் அனுப்பினாள். அதை வாசித்த லோறன்ஸுக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிரபு துரோகியே இல்லை. சனம் பட்டினியில் சாகிறதென்று கதவைத் திறக்கச் சொன்னவள் ராணி அல்பீனா. அவள் பெயர் கெடக்கூடாதென்று பழியை ஏற்றுக்கொண்டு வாய் திறக்காமல் நின்றவன் பிரபு. கடைசியில் ராணி சபைமுன் உண்மையைச் சொல்லி அழுகிற விருத்தமும் கொப்பியில் இருந்தது. அதை இதுவரை எவரும் மேடையில் பாடியதில்லை.

அண்ணாவியார் ஞானரட்ணம்தான் அங்கேயும் இங்கேயும் கூத்தைப் பழக்கியவர். அந்த விருத்தம் எங்கே போனதென்று லோறன்ஸ் கேட்டதும் அவர் ஒளிக்கவில்லை.

“நான்தான் வெட்டினனான். சனத்துக்குக் காறித் துப்ப ஒருத்தன் வேணும் தம்பி. உங்கட குடும்பத்துக்கு அது நல்லாப் பொருந்துது.”

ராணி வேஷம் லோறன்ஸின் மனைவி அனஸ்ரேசியாவுக்கு. அவன் அவளிடம் கொப்பியைக் கொடுத்தான்.

“நீர் அந்த விருத்தத்தைத் தொடங்கினாப் போதும். ராணி எடுத்த பாட்டைப் பிற்பாட்டுக்காரர் விட ஏலாது. அதுதானே முறை.”

“ஓம், பாடுறன். பிள்ளைக்காகவெண்டாலும் பாடுறன்.”

இரண்டு கிழமை குசினியில் சமைத்தபடி பாடிப் பழகினாள். கேட்டுக்கொண்டிருந்தவனுக்குக் கண் கலங்கியது.

கூத்தன்று, ஒஸ்லோவின் ரொம்மனில் வாடகைக்கு எடுத்த மண்டபம் நிரம்பி வழிந்தது. கடைசிக் கட்டத்தில் லோறன்ஸ் கைகட்டப்பட்டு முழங்காலில் இருந்தான். மத்தளம் ஓய்ந்தது. ராணி எழுந்து சபையைப் பார்த்தாள். முன்வரிசையில் அவளுடைய தமையன்மாரும் கோயில் பெரியாக்களும் இருந்தார்கள். அவள் வாயைத் திறந்த முதல் சொல்லிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. ‘நன்றிகெட்ட நாயே’ என்று தொடங்கும் பழைய வசைப்பாட்டு. பிற்பாட்டுக்காரர் அதை மூன்று தரம் திருப்பிப் பாடினார்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது.

உடுப்பு மாற்றுகிற அறையில் அவளுடைய பையிலிருந்து கொப்பி விழுந்தது. எல்லாருக்கும் முன்னால் ஞானரட்ணம் அதைத் தூக்கிக் காட்டினார்.

“கூத்தைக் குழப்பவோ பிள்ளை இதை வைச்சிருந்தனி?”

அனஸ்ரேசியாவின் முகம் வெளிறியது. “இவர்தான் தந்தவர். நான் அப்பவே வேண்டாமெண்டு சொன்னனான்.”

எல்லாரும் லோறன்ஸைப் பார்த்தார்கள். ஒரு சொல் சொன்னால் போதும், அவள் பொய் அம்பலமாகிவிடும். ஆனாலும் அவளை இந்தக் கூட்டத்தின் வாயில் போட அவனுக்கு மனம் வரவில்லை.

“ஓம்,” என்றான். “அவ வேண்டாமெண்டுதான் சொன்னவ.”

யாரோ காறித் துப்பினார்கள். கதவடியில் நின்ற மேரின் தகப்பனை ஒருதரம் பார்த்தாள். பிறகு போய்த் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.