கிருஷாந்தனின் இலை

கண்டி வாவிக்கு மேலே இருக்கும் என் சாப்பாட்டுக் கடையின் பெயர் 'லயத்து வீடு'. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நான் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. அப்பா கண்டியிலேயே, கொழும்பு வீதியில் புடவைக்கடை வைத்திருந்தவர்; "இந்த நிறம் ஒங்களுக்குன்னே நெய்தது" என்று வருகிற எல்லோரிடமும் சொல்வார். எனக்கு வாய்த்தது அந்த நாக்கு. சுவரில் புகைக்கறை தெரிய வேண்டுமென்று கொழும்பிலிருந்து பெயின்டரை வரவழைத்தவன் நான்.

சமையல், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த சுகிர்தா அக்கா. அவர் சுடும் தடித்த ரொட்டிக்காகவே கொழும்பிலிருந்து ஆள் வரும்.

"மொதலாளி, வியாழக்கெழம மகன் செத்து மூணு வருஷம். படைக்கணும், லீவு வேணும்."

அன்றைக்கு இருபத்திரண்டு பேர் சாப்பிட வருவதாக இருந்தது.

"இங்கயே படைங்கக்கா. பின்னறை ஒங்களுக்கு. சாமானெல்லாம் கடையில எடுத்துக்கங்க."

"அவன் வீட்டுக்குத்தானே வருவான்?"

"அம்மா இருக்கற எடந்தானே வீடு."

இப்படிப் பேசித்தான் நாங்கள் புடவை விற்றோம்.

வியாழன் மதியம் மகன் கிருஷாந்தனின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, இலை போட்டு, ரொட்டியும் நெத்தலிக் குழம்பும் வைத்தார் அக்கா. இறந்தவன் சாப்பிடும் முன் வேறு நாக்கு படக்கூடாது. ருசிகூடப் பார்க்காமல் சமைத்திருந்தார்.

"கொஞ்ச நேரம் கதவத் தொறக்காதீங்க மொதலாளி. கூச்சப்படுவான்."

சாத்திவிட்டு, வந்தவர்களுக்கு ரொட்டி சுடப் போனார்.

வந்தவர்களில் ஓர் அம்மா அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன என்று கேட்டார். சாமான் அறை என்று சொல்லியிருக்கலாம். "செத்தவங்களுக்கு வைக்கிற விருந்து. வேற எங்கயும் பாக்கக் கெடைக்காது" என்று திறந்துவிட்டேன். அவர்கள் போட்டோ எடுக்க மட்டும்தான்.

நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் குனிந்து ரொட்டியைப் பிய்த்தார். குழம்பில் தோய்த்து வாயில் போட்டார்.

"உப்புப் பத்தாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் அப்பாவுக்கு வருஷம் தவறாமல் படைக்கிறவன்.

திரும்பினால், ரொட்டித் தட்டோடு அக்கா.

"அக்கா, வேற இலை போடுவோம். திரும்பச் சமைங்க, நானே வாசல்ல நிக்கிறேன்."

"எச்சிலப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிருப்பான் மொதலாளி. ரோசக்காரன்."

தட்டைக் கீழே வைத்தார். படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே இறங்கினார். பின்னால் ஓடினேன். வாசலோடு நின்றுவிட்டேன்.

ஆளில்லாத பக்கமாகப் பார்த்துப் பேசிக்கொண்டே அக்கா சரிவில் இறங்கினார்.

"அம்மாவுக்குப் புத்தி கெட்டுப் போச்சுடா. பசியோட போயிராத. பின்னாலயே வா. வீட்டுல மாவு இருக்கு."