குருமுதல்வர்

தீர்ப்பாய உறுப்பினர் பேனாவைக் கீழே வைத்தபோதுதான் ஏதோ பிழையாகிவிட்டது என்று சிவகௌரிக்கு உறைத்தது. மெல்பேர்ன் நகரின் நடுவே, ஜன்னல் திறக்க முடியாத மாடி அறை அது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களின் மேன்முறையீட்டை அங்கேதான் விசாரிப்பார்கள். எதிரே இருந்தவன் தனோஜன், கடற்கரை ஊரில் மீன்பிடித்தவன். அவன் தமிழில் சொல்வதை ஆங்கிலமாக்குவது சிவகௌரியின் வேலை.

“இராணுவ முகாமிலிருந்து உங்களை மீட்டவர் விக்கர் ஜெனரல் என்று முதல் நேர்காணலில் சொல்லியிருக்கிறீர்கள். இன்றைக்கு ஹெட் பிரீஸ்ட் என்கிறீர்கள். ஏன் ஆள் மாறியது?” என்று உறுப்பினர் ஆங்கிலத்தில் கேட்டார்.

சிவகௌரி கேள்வியைத் தமிழில் சொன்னாள். தனோஜன் விளங்காமல் அவளையே பார்த்தான். உறுப்பினர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, சிறிய இடைவேளை எடுப்போம், யோசித்துப் பதில் சொல்லட்டும் என்றார்.

யோசிக்க அவனுக்கு என்ன இருந்தது? அவன் அன்றும் இன்றும் சொன்னது ஒரே சொல்லாகத்தான் இருக்கும்: குருமுதல்வர். ஹெட் பிரீஸ்ட் என்றது அவள். சைவக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்கூடம் முடியுமுன்னே இந்த நாட்டுக்கு வந்துவிட்டவள். குரு என்றதும் கோயில் குருக்கள்தான் அவள் மனதில் வந்தார். அவர்களில் முதல்வர் என்றால் பெரிய ஐயர். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

நடைபாதையில் நிற்க முடியவில்லை. தண்ணீர்க் குழாய் வரை போனாள், குடிக்காமல் திரும்பினாள். பிறகு ஜெசிந்தாவுக்கு ஃபோன் எடுத்தாள். ஒன்றாகப் படித்தவள், கத்தோலிக்கப் பிள்ளை. வழக்கைப் பற்றி ஒன்றும் சொல்லக் கூடாது. சொல்லை மட்டும் கேட்டாள்.

“என்னடி, ஞானஸ்நானம் எடுத்து வேதத்துக்கு வரப் போறியோ?” ஜெசிந்தா சிரித்தாள். “ஆயருக்கு அடுத்த ஆள் அவர்தான். ஆயர் தன்ர அதிகாரத்தை அவரிட்டக் குடுத்து வைச்சிருப்பார். மறைமாவட்டம் முழுக்க அவற்ற சொல்லு நடக்கும்.”

“அப்ப ஒரு கோயிலுக்குப் பெரியவர் இல்லையோ?”

“உனக்கென்ன விசரோ? அது பங்குச்சாமியெல்லே. குருமுதல்வரை இங்கிலீசில விக்கர் ஜெனரல் எண்டுறவை.”

சிவகௌரி ஃபோனை வைத்தாள். பேசாமல் இருந்துவிடலாம். இருவரும் ஒருவர்தான் என்று அவனே சொல்லட்டும். ஆனால் அவன் சமாளிக்கிறான் என்றுதான் உறுப்பினர் எழுதுவார். தன் பிழையைச் சொன்னால் முறைப்பாடு போகும், இனி இங்கே கூப்பிட மாட்டார்கள். கைப்பையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினாள். கதவு திறந்து உள்ளே அழைத்தார்கள்.

இத்தனை வருடமாக இந்த அறைகளில் அவள் ‘நான்’ என்று சொன்னதெல்லாம் மற்றவர்களின் ‘நான்’. எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

“மொழிபெயர்ப்பாளர் தன்னுடைய பிழை ஒன்றைத் திருத்த வேண்டும். விண்ணப்பதாரி ஆளை மாற்றவில்லை. அவர் சொன்ன சொல்லுக்கு விக்கர் ஜெனரல் என்பதுதான் சரி.” பிறகு தனோஜனிடம் தமிழில் சொன்னாள். “தம்பி, நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள். நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்.”

அவன் கதிரையின் நுனிக்கு வந்தான். உறுப்பினர் நெடுநேரம் எழுதினார். நிமிர்ந்தபோது புதிய கேள்வி வந்தது. அவ்வளவு பெரியவர் ஒரு மீனவனுக்காக ஏன் நேரே முகாமுக்குப் போகவேண்டும்?

இந்தக் கேள்வி தன்னால்தான் வந்தது என்று நினைத்தபடியே சிவகௌரி அதைத் தமிழாக்கினாள்.

தனோஜன் மேசையைப் பார்த்தபடி சொன்னான். “அவர் எனக்காக வரேல்ல. அண்டைக்கு எங்கட கோயில் திருநாள். ஆயருக்குச் சுகமில்லை எண்டு பூசைக்கு இவர் வந்தவர். அம்மா சனத்துக்கு நடுவில பாய்ஞ்சு அவற்ற அங்கியைப் பிடிச்சுக்கொண்டு கத்தினவ. விடேல்ல. ஊரே பாத்துக்கொண்டு நிண்டது. அவரால போகாம இருக்க ஏலாமப் போச்சு.”

அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘கத்தினவ’ என்ற இடத்தில் சிவகௌரி தடுமாறினாள். அழுதாள் என்பதா, அலறினாள் என்பதா? அலறினாள் என்றாள். உறுப்பினர் பேனாவை எடுக்கவில்லை. தனோஜனையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு பின்னர் அறிவிக்கப்படும் என்று விசாரணை முடிந்தது.

லிஃப்டில் இருவரும் தனியே.

“அக்கா, எனக்குச் சரிவருமோ?”

“எனக்குத் தெரியாது தம்பி.”

அவன் தலையாட்டினான். கோபம் இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தெருவில் காற்று அறைந்தது. அவனுடைய ஃபோன் அடித்தது. சுவரோடு ஒதுங்கி எடுத்தான்.

“ஓம் அம்மா. சாப்பிட்டனான். வேலையிலதான் நிக்கிறன், வேற எங்க?”

டிராம் ஒன்று மணியடித்தபடி திரும்பியது. அந்தச் சத்தம் அம்மாவின் காதுக்குப் போய்ச் சேராதபடி அவன் ஃபோனை நெஞ்சோடு அழுத்திப் பொத்திக்கொண்டு, அது கடந்து போகும்வரை அப்படியே நின்றான்.