பதினாலாம் பாகம்

1.

தலைப்பைப் பார்த்துவிட்டு முந்தின பதின்மூன்றைத் தேடாதீர்கள். கிடையாது. இது ஒன்றுதான்.

இந்தக் கதை எனக்கு ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. பத்திரம் எழுதுகிறவரின் கடை பெஞ்சில் என் வேலையாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர், லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர், தன் வீட்டு விவகாரத்தை ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய ரகசியம் தெருவுக்கே கேட்கும். மோட்டார் சத்தத்துக்கு நடுவே நாற்பது வருஷம் பேசிய தொண்டை. அன்று கேட்டது பாதி, மீதி என் கைச்சரக்கு. எது எங்கே ஒட்டியிருக்கிறது என்று துருவாதீர்கள்.

அவரே நான்தான் என்று சில பேர் முடிவு கட்டுவீர்கள். கட்டிக்கொள்ளுங்கள். நான் மாடிப்படியை நம்புகிறவன்.

2.

முதல் ஆரம்பம்: அன்று வானம் மேகமூட்டமாக

(வானத்துக்கு இந்தக் கதையில் என்ன வேலை? விடு.)

இரண்டாம் ஆரம்பம்: மனிதன் ஏன் ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வாங்குகிறான் என்று யோசிக்கும்போது

(யோசிக்கிறவன் யோசிக்கட்டும். ஆளை உள்ளே கொண்டுவா.)

மூன்றாவது:

லிஃப்ட்காரர் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு மாடி ஏறினார். மேல்வீட்டில் மூத்த மகள் குடியிருக்கிறாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துக் கொடுக்கிறவள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இத பாருடி, இனிமே பங்கு போட்டுக்கற கதையெல்லாம் வேண்டாம். என் பாகத்தை நான் வாங்கிக்கறேன், உன் பாகத்தை நீ வாங்கிக்கோ. ...அப்பாகிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரு."

லிஃப்ட்காரர் பூனை மாதிரி இறங்கி வந்துவிட்டார். இறங்கும்போது மனசுக்குள் ஒரே பேச்சு: நான் கல்லு மாதிரி இருக்கும்போதே வீட்டைப் பிரிக்கிறாங்களா?

3.

மூத்தவள்மேல் எனக்கு ஒரு சந்தேகம். கதாபாத்திரமாகத்தான். அப்பாவுக்குத் தினம் சோறு போடுகிறவள், இவ்வளவு நல்லவளாக இருந்தால் வாசிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள் என்று அவளை ஒரு பக்கம் முழுக்கப் பேராசைக்காரியாக எழுதிப் பார்த்தேன். மறுநாள் படித்தால் அவள் வாயில் என் அத்தை பேசிக்கொண்டிருந்தாள். கிழித்துவிட்டேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட்காரர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. தன் கையால் பிரேக் போட்டுப் பார்க்காத லிஃப்டில் கால் வைக்க மாட்டார். மகள்களையும் அப்படித்தான் வைத்திருந்தார். பக்கத்திலேயே இருப்பார்கள், ஆனால் ஒரு கண் அவர்கள்மேல் இருக்கும்.

இரண்டு நாள் மூத்தவளோடு பேசவில்லை. அவள் தட்டில் போட்டதைத் தின்றார், தலை நிமிரவில்லை.

"என்னப்பா, வாயில பூட்டா?"

"பூட்டு இருக்கறது நல்லதுதான்."

"சாவி?"

"அதுவும் என்கிட்டதான் இருக்கு."

மூன்றாம் நாள் பத்திரக் கடைக்குப் போனார். வீடு முழுக்க சின்னவளுக்கு. மூத்தவளுக்குப் பாகமே கிடையாது. போனில் எதையும் பேசக்கூடாது, நேரில்தான் எல்லாம் என்று எழுதுகிறவரிடம் கண்டிப்பு. வெள்ளிக்கிழமை கையெழுத்து. பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தது அந்த மூன்றாம் நாள்தான்.

4.

சின்னவள் பஸ் ஓட்டுகிறாள். ஆறு மணி நேரத் தொலைவில் இருக்கிறாள். புதன்கிழமை அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை நான் அங்க வரேன். லீவு போட்டிருக்கேன். பாகம் வருதுல்ல!"

"ஓ, உனக்கும் வேணுமா பாகம்?"

"வேணுமாவா? பதிமூணு பாகம் வாங்கியாச்சு, பதினாலாவதை விடுவேனா?"

லிஃப்ட்காரர் விரல் விட்டுத் தளத்தை எண்ணினார். "இருக்கற ரெண்டு தளத்துல பதினாலு பாகமாடி?"

"எந்தத் தளம்? அப்பா, நான் தீவைச் சொல்றேன். எங்க வீடியோ கேம். அக்கா இந்தத் தடவை தனியா ஒண்ணு வாங்கறா, நான் தனியா ஒண்ணு. ரெண்டாவது வாங்கற வரைக்கும் ஒண்ணையே வச்சுக்கிட்டு யாரு முதல்லன்னு அடிச்சுக்கறது போதும். ரெட்டைச் செலவுன்னு நீங்க குதிப்பீங்கன்னு அக்கா சொல்லவேணாம்னா, வாய் விட்டுட்டேன்."

"பாகம்னா அதுவா?"

"பின்ன எதுவாம்?"

(இங்கே ஒரு அடிக்குறிப்பு. கீழே போட இடமில்லை, இங்கேயே போடுகிறேன். ஒரு கேம் மறுபடி மறுபடி புதுசாக வந்தால் ஊரில் எல்லோரும் அதை 'பார்ட்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் லிஃப்ட்காரர் வீட்டில் 'பார்ட்' என்றால் கதவு ரோலர், பிரேக் கட்டை, பித்தளை புஷ். "பார்ட் வந்துச்சா?" என்று பிள்ளைகள் கேட்டு, அவர் கோபத்தோடு ஆபீசுக்குப் போன் போட்ட கதை ஒன்று உண்டு. அன்றிலிருந்து அந்த வீட்டில் கேமுக்குப் பாகம் என்று பேராயிற்று. பேர் வைக்கக் காரணமானவரே அதை மறந்துபோனார். அவ்வளவுதான் விஷயம்.)

5.

போனை வைத்ததும் நேரே மாடிக்குப் போனார். வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்பார்கள். இவர் விசாரணைக்கு உட்கார்ந்தார்.

"அந்தத் தீவுல என்னதான் இருக்கு?"

மூத்தவளுக்கு ஆச்சரியம், அப்பாவின் வாய்ப்பூட்டு திறந்ததில். "கப்பல் உடையும். கரை ஒதுங்குவோம். மரம் வெட்டி வீடு கட்டுவோம்."

"போன பாகத்துல?"

"அதுலயும் உடையும்."

"பதிமூணு தடவை உடைஞ்ச கப்பல்ல பதினாலாவது தடவை எந்தக் கிறுக்கன் ஏறுவான்?"

"ஏறினாத்தானேப்பா தீவுக்குப் போகலாம்."

"கம்பெனிக்காரன் பெயின்ட்டை மாத்திக் குடுக்கறான், நீங்க பல்லை இளிச்சுக்கிட்டு வாங்கறீங்க."

"தெரியும்ப்பா. நாங்களே திட்டுவோம். ஒரு வாரம் திட்டுவோம், அப்புறம் விளையாடுவோம்."

"பழசையே ஆடினா என்ன?"

"பழைய தீவுல இப்ப யாருமே இல்லப்பா. புதுசு வந்ததும் எல்லாரும் அங்க போயிடுவாங்க. கட்டின வீடெல்லாம் அப்படியே நிக்கும், நான் மட்டும் கரையில நடக்கணும். அவளும் நானும் வருஷத்துக்கு எத்தனை தடவை பார்த்துக்கறோம்? அங்கதான் தினம் பார்க்கறோம். அவ பஸ்ஸை நிறுத்திட்டு வருவா, நான் கடையைச் சாத்திட்டு வருவேன்."

இந்த இடத்தில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். ஜனங்கள் ஏன் வாங்குகிறார்கள் என்று ஒன்பது காரணம். நாலாவது காரணத்தில் எனக்கே தூக்கம் வந்தது. லிஃப்ட்காரருக்கு வந்த வேலைக்கால ஞாபகம் ஒன்று போதும்:

ஒரு கட்டடத்தில் பழைய லிஃப்டைக் கழற்றிப் புதுசு மாட்டினார். தரைத்தள பட்டனை நாலு விரல் மேலே வைத்திருந்தான் கம்பெனிக்காரன். எல்லாமே பளபளப்பு, ஆனால் ஏறினவர்கள் எல்லோரும் திட்டினார்கள். விரல் பழைய இடத்துக்கே போய் வெறும் தகட்டைக் குத்தியது. பழசே போதும் என்று ஒருவரும் சொல்லவில்லை, அதையும் அவர் கவனித்தார். புதுசு வேண்டும், விரல் போகிற இடத்தில் பட்டனும் வேண்டும். கடைசியில் அவரே தகட்டில் துளை போட்டுக் கீழே இறக்கி மாட்டினார். அன்றோடு திட்டு நின்றது.

"ம்" என்றார். அவர் வாயிலிருந்து 'ம்' வந்தால் பாஸ்.

6.

பத்திரம்?

கேட்பீர்கள் என்று தெரியும். போன் போட்டு நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் ரத்தாகுமா என்று சந்தேகம். சனிக்கிழமை நேரில் போய், கண்ணெதிரே கிழித்துவிட்டு வரலாம் என்று விட்டுவிட்டார். பத்திரம் எழுதுகிறவர் ஜென்மத்தில் சொன்ன நாளில் எதையும் முடித்தவர் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம். அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு தலையணையில் சாய்ந்து, ஆளுக்கொரு திரையில் கப்பல் உடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உடையுதுடி, உடையுது!"

"எனக்கு இன்னும் உடையலையே!"

லிஃப்ட்காரர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்தப் பாய்மரம் முன்னாடியே ஆடிக்கிட்டு இருந்துச்சு, ஒருத்தனும் பார்க்கல" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அது சந்தோஷம்.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம். பத்திரம் எழுதுகிறவர் மூச்சு வாங்க வாசலில் நின்று உறையை நீட்டினார்.

"ஐயா, உங்க பாக விஷயம் முடிஞ்சுது. கையோட கொண்டாந்துட்டேன்!"

இரண்டு மகள்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"அப்பா! நீங்களும் பாகம் வாங்கிட்டீங்களா?"

7.

முடிவு ஒன்று: "ஆமாம், கெட்டுப்போன பிரதி, திருப்பி அனுப்பணும்" என்று சொல்லிச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறார். பொய். அவர் சந்தேகப்படுவார், பொய் சொல்ல மாட்டார்.

முடிவு இரண்டு: மூத்தவள் பிடுங்கிப் படித்து அழுகிறாள், இவர் காலில் விழ

(சீ. கிழித்தாயிற்று.)

மூன்றாவதுதான் நடந்தது. உறையை மூத்தவள் கையில் கொடுத்தார். "போன்ல நீ பாகம் பாகம்னே. வீட்டைப் பிரிக்கறீங்கன்னு நெனச்சேன். உனக்கு ஒண்ணும் இல்லாம எழுதச் சொன்னேன். தப்பு என்னோடது. படிச்சுட்டு நீயே கிழி."

ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவள் படித்தாள். இரண்டு பக்கம். சின்னவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. அது சிரிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மூத்தவள் முகத்தில்தான் ஒன்றும் தெரியவில்லை. கடைசி வரி வரைக்கும் படித்தாள். தாளை மடித்தாள். அப்பாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

அவள் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. நான் எழுதினால் அவளைத் தெய்வமாக்கிவிடுவேன், இல்லாவிட்டால் திரும்பவும் என் அத்தை ஆக்கிவிடுவேன். உங்கள் வீட்டிலும் ஒரு மூத்தவள் இருப்பாள். அவளிடம் இந்தத் தாளைக் கொடுத்தால் என்ன சொல்வாள்? அதை இங்கே போட்டுக்கொள்ளுங்கள்: